எஞ்சினுக்கு எவ்வளவு ஆழம் வேண்டும்?

சென்னைக்கு அருகில் உள்ள ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான் கார் ஆலையும் 2012இல் டைம்லரின் லாரி ஆலையும் 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. பக்கத்து வல்லம் வடகாலில் 2015இல் யமஹாவின் இருசக்கர வாகன ஆலை வந்தது. இந்த ஆலைகளின் வாசலைத் தாண்டி வெளியே வரும் எந்த வண்டியிலும் எஞ்சினை எந்த உயரத்தில் மாட்டுவது என்ற கேள்வியை வாங்குபவர் கேட்பதில்லை. எஞ்சின், கியர், சக்கரம், டயர் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி முன்பே தீர்மானிக்கப்பட்டுவிட்டன. டயர் தார்ச்சாலையை எப்படிப் பற்றும் என்பதும் பெருமளவு தெரிந்ததே. அதனால்தான் சாலையே இல்லாத அறைக்குள், உருளைகளின்மேல் வண்டியை நிறுத்தி ஓடவிட்டு அதன் இழுவையையும் புகையையும் அளக்க முடிகிறது. ஒரகடத்தில் உள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களின் சோதனை முறைகள் பல இந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கின்றன.

படகின் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கு இந்த நம்பிக்கை செல்லாது. அதுவும் தொழிற்சாலையில் அதே கவனத்தோடு செய்யப்படுகிறது. அதன் குதிரைத்திறனும் சோதித்தே எழுதப்படுகிறது. ஆனால் அந்தத் திறன் படகைத் தள்ளும் விசையாக மாறுவது புரொப்பெல்லரில். புரொப்பெல்லர் எவ்வளவு ஆழத்தில் சுழல்கிறது என்பதை முடிவுசெய்வது படகின் அடிவடிவம், சுமை, வேகம், மோட்டாரை மாட்டிய உயரம் ஆகிய நான்கும். முதல் மூன்றும் ஆலைக்குத் தெரியாது. ஆகவே மாட்டும் உயரத்தை எஞ்சினின் ஓர் உறுப்பாகவே கருத வேண்டும், அந்த உறுப்பை நீரில் ஓட்டி அளந்து மட்டுமே செய்து முடிக்க முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். இதை மிகத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்காவின் பாஸ் படகு. அதே இயற்பியல் தமிழகக் கரையில் முற்றிலும் வேறொரு விடையைத் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாதம் முழுமையாகும்.

பாஸ் என்பது அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் மீன். அதைப் பிடிப்பதற்கென்றே உருவான தாழ்வான, தட்டையான படகுகளில் முன்னோடியாகச் சொல்லப்படுவது 1948இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் கட்டிய ஸ்கீட்டர். அந்தப் பெயரில் இன்றும் படகு கட்டும் நிறுவனம், வல்லம் வடகாலில் ஆலை வைத்திருக்கும் அதே யமஹா குழுமத்தின் கையில் இருக்கிறது. ரே ஸ்காட் பாஸ் மீன்பிடிப் போட்டிகளை நடத்த ஆரம்பித்து, 1968இல் பாஸ் தூண்டில்காரர்களுக்கான சங்கத்தைத் தொடங்கிய பிறகு வேகம் பெரிய தேவையாயிற்று. காலையில் எல்லாரும் ஒரே கரையிலிருந்து புறப்பட வேண்டும். மீன் இருக்கும் மூலைக்கு முதலில் போய்ச் சேர்பவருக்கு ஆதாயம். இன்று ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள படகில் 200 முதல் 250 குதிரைத்திறன் மோட்டார் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டும் படகுகளும் உண்டு.

அந்த வேகத்தில் படகு நீரைப் பிளந்து போவதில்லை. நீர்மேல் எழுந்து, அடிப்புறத்தின் பின்பகுதியில் உள்ள குறுகிய தட்டைப் பட்டையின்மேல் ஓடுகிறது. படகின் உடல் ஏறக்குறைய முழுவதும் காற்றில் இருக்கும்போது நீருக்குள் மிஞ்சுவது மோட்டாரின் காலும், அதன் அடியில் உள்ள கியர் பெட்டியும், புரொப்பெல்லரும்தான். நீரின் அடர்த்தி காற்றைப்போல் சுமார் 800 மடங்கு. மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் ஓடும் பொருளின் முகத்தில் நீர் செலுத்தும் அழுத்தம், அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு 3,12,500 நியூட்டன் வருகிறது. இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் மூன்று மடங்கு. மோட்டாரின் கால் 6 சென்டிமீட்டர் தடிமன் என்றும், அதன் இழுப்புக் கெழு 0.2 என்றும் வைத்துக்கொள்வோம். மோட்டாரை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் 30 சதுர சென்டிமீட்டர் முகப்பரப்பு நீரைவிட்டு வெளியேறும். குறையும் எதிர்ப்பு 187 நியூட்டன். அதை 25ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 4,700 வாட். ஆறு குதிரைத்திறனுக்கும் மேல்! எஞ்சினைத் தொடாமல், கூடுதலாக ஒரு சொட்டுப் பெட்ரோல் எரிக்காமல், இரண்டு அங்குலம் தூக்கியதில் கிடைப்பது இது.

ஜாக் பிளேட் என்பது இந்த ஆதாயத்துக்காகவே பின்பலகைக்கும் மோட்டாருக்கும் இடையில் மாட்டப்படும் அலுமினியச் சட்டம். மோட்டாரை மேலும் கீழும் நகர்த்துவது அதன் முதல் வேலை. சில வகைகளில் போல்ட்டைத் தளர்த்தித் திருகால் உயர்த்த வேண்டும். சிலவற்றில் ஹைட்ராலிக் பம்பு இருப்பதால் ஓடும்போதே பொத்தானை அழுத்தி மாற்றலாம். மோட்டாரைப் பின்பலகையிலிருந்து பின்னோக்கித் தள்ளி நிறுத்துவது இரண்டாவது வேலை. படகின் அடியிலிருந்து விடுபட்ட நீர் பின்னால் போகப் போகக் கொஞ்சம் மேலெழுகிறது. ஓர் அடி பின்னால் தள்ளினால் ஓர் அங்குலமோ அதற்குச் சற்று மேலோ உயர்த்தலாம் என்பது வழக்கில் உள்ள தோராயக் கணக்கு. படகின் அடியைத் தொட்டுக் கலங்கிய நீரைவிட, சற்றுத் தள்ளி அமைதியடைந்த நீரைப் புரொப்பெல்லர் நன்றாகப் பற்றும் என்ற ஆதாயமும் இதில் சேர்கிறது.

இவ்வளவு ஆதாயம் இருந்தால் மோட்டாரை முடிந்தமட்டும் உயர்த்திவிடலாமே என்று தோன்றும். மூன்று விஷயங்கள் அதைத் தடுக்கின்றன. முதலாவது காற்று. புரொப்பெல்லரின் ஒவ்வோர் இதழும் ஒரு பக்கத்தில் அழுத்தத்தைக் கூட்டி, மறுபக்கத்தில் குறைக்கிறது. இதழ் நீர்மட்டத்துக்கு அருகில் வந்தால் அந்தக் குறைந்த அழுத்தம் மேலிருக்கும் காற்றைக் கீழே உறிஞ்சும். இதழைச் சூழ்ந்த காற்றில் பிடிப்பு கிடைக்காது. சகதியில் சிக்கிய டிராக்டரின் சக்கரம்போலப் புரொப்பெல்லர் வீணாகச் சுழலும். ஆழத்திலும் வேறு காரணத்தால் குமிழிகள் தோன்றலாம்: அழுத்தம் மிகவும் குறைந்த இடத்தில் நீரே ஆவியாகிறது. 1890களில் சார்லஸ் பார்சன்ஸ் தம் டர்பினியா கப்பலில் எதிர்கொண்ட சிக்கல் அதுதான். ஆனால் உயரம் தவறிய அவுட்போர்டு மோட்டாரில் பெரும்பாலும் நடப்பது மேற்பரப்புக் காற்று உள்ளே நுழைவதே. இரண்டாவது தடை குளிர்விப்பு. இந்த மோட்டார்களுக்கு ரேடியேட்டர் கிடையாது. கியர் பெட்டிக்கு அருகில் உள்ள துளைகள் வழியே ஏரி நீரை உறிஞ்சி, ரப்பர் இம்பெல்லர் பம்பு மேலே அனுப்புகிறது. துளைகள் காற்றை உறிஞ்சத் தொடங்கினால் எஞ்சின் சூடேறும், இம்பெல்லரும் தேயும். மூன்றாவது கட்டுப்பாடு. மேல்பாதி இதழ்களும் கீழ்பாதி இதழ்களும் சமமாக நீரைப் பற்றாதபோது புரொப்பெல்லர் படகைப் பக்கவாட்டில் தள்ளும். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். வேகமான திருப்பத்தில் பிடி விட்டுப்போகும்.

ஆக, ஒரு பக்கம் நீரின் எதிர்ப்பு. மறுபக்கம் பிடிப்பு, குளிர்ச்சி, கட்டுப்பாடு. சரியான உயரம் இவை சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது, ஆனால் பொறுமை கேட்பது. படகைச் சமதளத்தில் நிறுத்தி, அடிப்பட்டையின் மட்டத்திலிருந்து புரொப்பெல்லர் தண்டின் மையம் எத்தனை அங்குலம் கீழே இருக்கிறது என்று முதலில் அளக்க வேண்டும். பாஸ் படகில் மூன்றரை, நான்கு அங்குலம் கீழே வைத்துத் தொடங்குவது பாதுகாப்பானது. பிறகு கால் அங்குலம் கால் அங்குலமாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரே சுமை, ஒரே எரிபொருள், ஒரே புரொப்பெல்லரோடு, காற்றையும் நீரோட்டத்தையும் ஈடுசெய்ய இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். குறித்துக்கொள்ள வேண்டியவை நான்கு: ஜி.பி.எஸ். காட்டும் வேகம், எஞ்சினின் சுழற்சி, குளிர்நீர் அழுத்தம், வெப்பநிலை.

இந்த எண்களை வாசிப்பதற்கு உதவுவது நழுவல் என்ற அளவு. 25 அங்குலப் பிட்ச் உள்ள புரொப்பெல்லர், நீர் திடப்பொருளாக இருந்தால், ஒரு சுற்றில் 25 அங்குலம் முன்னேறும். எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்று, கியர் விகிதம் 1.75 என்றால் படகு மணிக்கு 126.3 கிலோமீட்டர் போக வேண்டும். ஜி.பி.எஸ். 114 காட்டினால் அந்தக் குறைவு, அதாவது நழுவல், 9.7 சதவீதம். ஓர் எடுத்துக்காட்டாக, சிறிது உயர்த்தியதும் 5,900 சுற்றில் 116 கிலோமீட்டர் கிடைப்பதாகக் கொள்வோம். கணக்குப்படி 128.5 வர வேண்டும். நழுவல் அதே 9.7 சதவீதம்தான். அதாவது எதிர்ப்பு குறைந்திருக்கிறது, பிடிப்பு குறையவில்லை. இன்னும் உயர்த்தினால் சுற்று 6,050 ஆகிறது, வேகமோ 115க்கு இறங்குகிறது. நழுவல் 12.7 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்பவருக்கு மூன்றாவது ஓட்டமே வேகமானதாகத் தோன்றும். எண்களைப் பார்ப்பவர் இரண்டாவதோடு நின்றுவிடுவார். அந்த உயரத்திலும் குளிர்நீர் அழுத்தம் எஞ்சின் கையேடு சொல்லும் அளவுக்குக் குறைந்தால் அவர் இன்னும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும், வேகம் எவ்வளவு ஆசை காட்டினாலும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், மோட்டாரைச் சாய்க்கும் டிரிம் வசதி ஏற்கெனவே இருக்கிறது, உயரத்தை ஏன் தனியாக மாற்ற வேண்டும் என்பது. சாய்ப்பதும் உயர்த்துவதும் வெவ்வேறு செயல்கள். மோட்டாரைப் பத்து பாகை சாய்த்தால் முன்னோக்கிய தள்ளுவிசையில் ஒன்றரை சதவீதம்தான் குறைகிறது; ஆனால் மொத்த விசையில் 17 சதவீதம் மேலும் கீழுமான திசைக்குத் திரும்பிப் படகின் முகப்பைத் தூக்கவோ அழுத்தவோ செய்கிறது. படகின் சாய்வைத் திருத்த அது தேவை. கியர் பெட்டி எவ்வளவு ஆழத்தில் உழுகிறது என்பதைத் திருத்த அதைப் பயன்படுத்தினால் முகப்பு தேவைக்கு மேல் எழும், படகு குதிக்கத் தொடங்கும். உயரத்தைச் சரியாக வைத்த பிறகே டிரிம் தன் வேலையைச் செய்ய முடியும்.

இரண்டாவது வாதம் கனமானது. மோட்டாரின் மாட்டும் பட்டையில் முக்கால் அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கின்றன. படகு விற்பவர் பொருத்தமான துளையில் மாட்டித் தருகிறார். அதற்கு மேல் எதற்கு என்பது. மெதுவாக ஓடும் படகுக்கு அது போதும். ஆனால் வேகப் படகில் கால் அங்குலமே விளைவை மாற்றும்போது முக்கால் அங்குலப் படிகள் முரடானவை. மேலும் ஒரே நாளில் ஒரே படகுக்குச் சரியான உயரம் பலமுறை மாறுகிறது. நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது புரொப்பெல்லரின்மேல் சுமை அதிகம், காற்றை உறிஞ்சும் ஆபத்தும் அதிகம். மோட்டார் தாழ்ந்திருக்க வேண்டும். எழுந்து ஓடும்போது உயரலாம். திருப்பத்திலும் அலையிலும் மறுபடி தாழ வேண்டும். பெட்ரோல் தீரும், மீன் தொட்டி நிரம்பும், கூட ஒருவர் ஏறுவார். அசையாமல் ஒரே துளையில் மாட்டிய மோட்டார் இவை எல்லாவற்றுக்கும் இடைப்பட்ட ஒரு சமரசம். ஹைட்ராலிக் பிளேட் அந்தச் சமரசத்தை ஒவ்வொரு கணத்துக்கும் தனித்தனியாகச் செய்ய விடுகிறது. அதற்கு விலையும் உண்டு: 230 கிலோ மோட்டாரை 25 சென்டிமீட்டர் பின்னால் தள்ளுவது, ஏறக்குறைய 58 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் பின்னால் நகர்ந்து உட்கார்வதற்குச் சமம். படகின் பின்புறம் அழுந்தும், எழுந்து ஓட நேரம் பிடிக்கும். எல்லாப் படகும் இதைத் தாங்காது.

மூன்றாவது வாதம் அறிவியலின் பக்கமிருந்து வருகிறது. மாதிரிப் படகை இழுத்துச் சோதிக்கும் நீண்ட தொட்டி சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் இருக்கிறது. விசாகப்பட்டினத்தின் கடற்படை ஆய்வகத்தில் இன்னும் பெரியது இருக்கிறது. கணினிக் கணக்கீடும் வளர்ந்துவிட்டது. பிறகு ஏன் ஒவ்வொரு படகையும் ஏரியில் ஓட்டி அளக்க வேண்டும்? மாதிரியைச் சிறிதாக்கும்போது அலைகளைச் சரியான விகிதத்தில் சிறிதாக்க வழி உண்டு. ஆனால் திறந்த தொட்டியின்மேல் இருக்கும் வளிமண்டலம் அதே விகிதத்தில் சிறிதாவதில்லை. காற்று உள்ளே நுழைவதையும் நீர் ஆவியாவதையும் தீர்மானிப்பது அழுத்தம். அதனால்தான் கப்பல் புரொப்பெல்லர்களை அழுத்தம் குறைக்கப்பட்ட மூடிய சுரங்கங்களில் தனியாகச் சோதிக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவாகும் கப்பலுக்கு அது தகும். இருபதடிப் படகுக்கு, இன்றைய சுமையோடும் இன்றைய புரொப்பெல்லரோடும் உள்ள அந்தப் படகே மிகச் சிறந்த சோதனைக்கூடம்.

இப்போது நம் கரைக்கு வருவோம். நொச்சிக்குப்பத்திலோ கோவளத்திலோ கரையேறும் ஃபைபர் படகுக்கு இந்த ஆறு குதிரைத்திறன் ஆதாயம் கிடைக்குமா? கிடைக்காது, காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். மணிக்கு 90 கிலோமீட்டரில் 4,700 வாட் மிச்சம் பிடித்த அதே 5 சென்டிமீட்டர், மணிக்கு 20 கிலோமீட்டரில் மிச்சம் பிடிப்பது ஏறக்குறைய 51 வாட். அதற்காக மோட்டாரை உயர்த்தினால், அலையில் பின்புறம் தூக்கும்போதெல்லாம் புரொப்பெல்லர் காற்றில் சுழன்று அதைவிடப் பன்மடங்கு இழப்பைத் தரும். வலை நிறைய மீனோடு திரும்பும் படகுக்குத் தேவை பிடிப்பு; அதற்கு ஆழம் வேண்டும். ஆனால் அலை உடையும் இடத்தைத் தாண்டி மணலில் ஏறும் கடைசி சில மீட்டரில் அதே ஆழம் புரொப்பெல்லரை மண்ணில் அடித்து உடைக்கும்.

இந்த முரணைத் தீர்க்கும் முயற்சி சென்னையில் முன்பே நடந்திருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் மீன்பிடிப் படகுகளை வடிவமைத்தபோது எதிர்கொண்ட முக்கியச் சிக்கல் இதுதான். நார்வேயின் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்சன் போன்றோர் பங்கேற்ற அந்தப் பணியில், சிறிய டீசல் எஞ்சினோடு தண்டையும் புரொப்பெல்லரையும் சேர்த்தே சாய்த்துத் தூக்கும் அமைப்பு உருவானது. கடலில் ஆழமாகவும் கரையில் உயரமாகவும் புரொப்பெல்லரை வைக்க அது வழிசெய்தது. பாஸ் படகின் ஜாக் பிளேட் வேகத்துக்காகச் செய்ததை இது மணலுக்காகச் செய்தது. தமிழகக் கரையில் பரவலாக உள்ள லாங்டெயில் எஞ்சினும் இதே வகைதான்: நீண்ட தண்டைக் கையால் தாழ்த்தியும் உயர்த்தியும், ஒவ்வோர் அலைக்கும் ஏற்ற ஆழத்தை மீனவர் தாமே அமைக்கிறார். ஹைட்ராலிக் பம்பு செய்யும் வேலையை அவருடைய தோளும் பழகிய கண்ணும் செய்கின்றன. அந்தத் திறமையைப் பொறியியலாகவே மதிக்க வேண்டும்.

வேகத்தை வளர்க்கும் ஒரு கருவியை இவ்வளவு ஆதரித்து எழுதுவது ஆபத்தை ஆதரிப்பதாகாதா என்று கேட்கலாம். வேகம் உயிரைக் குடிக்கும் என்பது உண்மை. ஓட்டுநர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றைச் சிறு படகுகளில் ஓட்டுநர் பயன்படுத்துவதை அமெரிக்கா 2021 ஏப்ரலிலிருந்து சட்டமாக்கியது அதனால்தான். உயிர்காப்பு உடையும் அந்தக் கயிறும் இல்லாமல் எந்தச் சோதனை ஓட்டமும் கூடாது. ஆனால் அளக்காமல் உயர்த்திய மோட்டார், அளந்து உயர்த்தியதைவிட ஆபத்தானது. திருப்பத்தில் பிடி விடுவதும், நடு ஏரியில் எஞ்சின் சூடேறி நிற்பதும் அளவைத் தவிர்த்தவருக்கே பெரும்பாலும் நேர்கின்றன. அளவு முறை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறது.

தமிழகத்தில் நாட்டுப்படகு மீனவர்களுக்கு மோட்டார் வாங்க அரசு மானியம் தருகிறது. அந்தப் பணம் முழுப் பயனைத் தர வேண்டுமானால், மோட்டாரோடு அதை மாட்டும் அறிவும் போய்ச் சேர வேண்டும்: பின்பலகையின் உயரத்துக்கு ஏற்ற தண்டு நீளம், தண்டு மையத்தின் ஆழம், சுமையோடும் சுமையின்றியும் ஓட்டி எடுத்த சுழற்சிக் கணக்கு, அதற்குப் பொருந்தும் புரொப்பெல்லர். ஓர் அளவுகோலும் ஜி.பி.எஸ். உள்ள ஒரு கைபேசியும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒரகடத்தில் பயிற்சி பெறும் இளைஞர்கள் ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, எண் சொல்வதை ஏற்றுக்கொள் என்ற ஒழுக்கத்தை நாள்தோறும் கற்கிறார்கள். அந்த ஒழுக்கம் சாலை வாகனங்களோடு நின்றுவிடக் கூடாது. அது ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடற்கரைக்கும் போக வேண்டும். ஏனென்றால் அங்கே ஓடும் ஒவ்வொரு மோட்டாரும் இன்னும் முழுதாகச் செய்து முடிக்கப்படாத இயந்திரம். அதன் கடைசி அளவை எடுக்கும் பொறுப்பு அதை மாட்டுபவரின் கையில் இருக்கிறது.